எட்டாவது ஆளாக உன் பெயரை எழுதிவிட்டேன்

பியூகிள் மாப்பிள்ளை மைதீனுக்கு,

போய்ச் சேர்ந்த பிறகும் உன்னை நிம்மதியாக விடாத மச்சான் எழுதுவது. இங்கே இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. அருவியில் தண்ணீருக்குக் குறைவில்லை. என் வயிறும் போன சீசனுக்கு இரண்டு விரற்கடை முன்னேறியிருக்கிறது. பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றால் டிரம் எங்கே முடிகிறது, நான் எங்கே ஆரம்பிக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

நலம் விசாரித்தது போதும். ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் நாளைக் காலையில் டிரம்மைத் தோளில் மாட்ட முடியாது. பத்து நாளாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. என்னைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள், அது வேறு விஷயம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் சீசன் பேண்டு செட் போட்டி நடக்கவேண்டிய நாள். நீ பட்டாளத்திலிருந்து பியூகிளும் கையுமாக வந்து, தறிக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் நின்று ஊதி ஊரை எழுப்பி, வக்கீல் குமாஸ்தாவான என்னையும் தையற்காரன் சங்கரனையும் இழுத்துச் செட்டு சேர்த்தாயே, அந்த முதல் வருஷம் எத்தனை செட் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது. எல்லாம் பிள்ளை குட்டிக்காரர்கள். பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டுக்குள் தொப்பையை அடக்கிக்கொண்டு ஒன்பது கூட்டம் கடைத்தெருவில் நடந்து போனதைப் பார்த்து, குளிக்க வந்தவர்கள் தலையில் தேய்த்த எண்ணெயோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. கடையநல்லூர் செட்டில் பாதிப்பேர் கொழும்புக்குக் கப்பலேறினார்கள். செங்கோட்டை செட் மாஸ்டர் புனலூர்ப் பக்கம் இரண்டாந்தாரம் கட்டிக்கொண்டு போனவர், சைடு டிரம் இரண்டையும் சீதனம் மாதிரிக் கூடவே கொண்டுபோய்விட்டார். மற்றவர்களுக்கு வயது வந்தது, மருமகன் வந்தான், வெட்கம் வந்தது. போன வருஷம் மிஞ்சியது இரண்டே செட். நாமும், புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர்களும்.

கமிட்டி விதி உனக்குத் தெரியும். ஒரு செட்டுக்கு எட்டுப் பேர் இருக்கவேண்டும். இரண்டு செட்டாவது இருந்தால்தான் போட்டி. பெயர்ப் பட்டியலைப் பத்து நாள் முன்னால் கொடுக்கவேண்டும். கொடுத்த பிறகு பெயர் மாற்றக்கூடாது. வாசிக்கும் முன்னால் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள், அவரவர் ஒரு எட்டு முன்னால் வந்து ‘ஆஜர்’ சொல்லவேண்டும். நீதான் பட்டாளத்து வழக்கமென்று அதைக் கொண்டுவந்து சேர்த்தாய்.

நீ போன பிறகு நாம் ஏழு பேர்.

எட்டாவது ஆளுக்காக நான் ஏறாத படி இல்லை. பழைய ஆள் கோமதிநாயகத்தைத் தேடி குத்துக்கல்வலசைக்குச் சைக்கிள் மிதித்தேன். வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேண்டாம்வே ஆவுடையப்பன். மகளுக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கு. சம்பந்தக்காரங்க குற்றாலத்துக்குக் குளிக்க வாராங்க. நான் சிவப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு டமடமன்னு அடிச்சிட்டு வாரதை அவங்க பார்த்தா, குடும்பத்தில் ஏதோ கோளாறுன்னு நினைச்சிருவாங்க.”

“அப்ப நாங்கள்லாம் கோளாறா அண்ணாச்சி?”

“உமக்கு இனிமே பொண்ணு யாரு குடுக்கப்போறா? உமக்கென்ன கவலை?”

மற்றவர்களும் இப்படித்தான். சீசன் நேரத்தில் கைகால் உள்ளவன் எல்லாம் லாட்ஜிலும் டீக்கடையிலும் எண்ணெய் தேய்க்கும் இடத்திலும் வேலையாக இருக்கிறான். வேலை இல்லாதவன் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு, “சும்மா கேக்குத பாட்டை எதுக்குண்ணே சுமந்துக்கிட்டு நடக்கணும்?” என்கிறான். இதற்கு என்ன பதில் சொல்வது? உனக்குத் தெரியுமா?

பட்டியல் கொடுக்கும் கடைசி நாள். கமிட்டி செக்ரட்டரி நல்லதம்பி சார் மேஜைக்கு முன்னால் நிற்கிறேன். ஏழு பெயர் எழுதியாயிற்று. எட்டு என்று இலக்கம் போட்டு ஒரு வரி காலியாக இருக்கிறது. அதை அப்படியே கொடுத்தால் நம் செட் கிடையாது. நம் செட் இல்லையென்றால் புளியங்குடிக்காரன் யாரோடு போட்டி போடுவான்? போட்டியே கிடையாது. ஒரு வருஷம் நின்றால் அடுத்த வருஷம் அந்த மேடையில் ரிக்கார்டு போட மைக் செட்காரன் காத்திருக்கிறான். பேனாவில் மை சொட்டுகிறது. கை தானாக எழுதிவிட்டது: மைதீன், பியூகிள்.

செட்டு சேர்த்த நாளிலிருந்து எழுதிய பெயர் அல்லவா? கைக்கு உன் சாவு இன்னும் தெரியவில்லை. அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செக்ரட்டரி பட்டியலை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். தப்பித்தேன் என்று ஓடி வந்துவிட்டேன்.

பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தனை கூட்டத்துக்கு முன்னால் மைக்கில் உன் பெயரைக் கூப்பிடுவார்களே, யார் முன்னால் வருவது?

சங்கரனிடம் சொன்னேன். அவன் தையல் மிஷினை நிறுத்தாமலே வழி சொன்னான்.

“இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டிய? திருவேங்கடத்திலிருந்து என் மச்சினன் ஒருத்தன் சும்மா வந்து கெடக்கான். மைதீன் அண்ணன் கோட்டை மாட்டி நிறுத்துவோம். ஆஜர்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?”

“ஏலே, அவன் பியூகிளைக் கண்ணால பார்த்திருக்கானா?”

“வாயில வச்சுக்கிட்டு நிக்கட்டும். நீங்க டிரம்மைப் போடுத போடுல அவன் ஊதுதானா உறங்குதானான்னு யாருக்குத் தெரியும்?”

வெட்கமில்லாமல் சொல்கிறேன், மாப்பிள்ளை, எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கோட்டுக்காக நேற்றுக் காலை உன் வீட்டுக்குப் போனேன்.

ஆமினா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்திவிட்டு, “வாங்கண்ணே” என்றாள். தேநீர் போட எழுந்தாள். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு, எல்லோருடைய கோட்டையும் சேர்த்து வெளுக்கப் போடுகிறோம், மைதீன் கோட்டையும் கொடு என்று ஒரு பொய்யை அவிழ்த்தேன். வக்கீலிடம் இத்தனை வருஷம் குமாஸ்தாவாக இருந்தும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“யாரு போட்டுக்கிடப் போறா?” என்றாள்.

சொல்லிவிட்டேன். பட்டியல், பெயர், சங்கரனின் மச்சினன், எல்லாவற்றையும். அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

“உசுரோட இருக்கும்போதே கூப்பிட்ட நேரத்துக்கு வந்த மனுசனில்ல. இப்ப வந்து ஆஜர் சொல்லப்போறாவளாக்கும்?”

நானும் சிரித்தேன். கோட்டு எடுக்க உள்ளே போனவள், அதை மடித்தபடியே கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை.

“அண்ணே, போன சீசனுக்கு முந்தி டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதே.”

“நெஞ்சு கெட்டுப்போச்சு, இனிமே ஊதவே கூடாதுன்னாரு. சரின்னுதான் வந்தாவ. பியூகிளைத் துணியில சுத்தி மேல போட்டுட்டாவ. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் திரும்ப எறக்குனாவ. எதுக்குன்னு சத்தம் போட்டேன். ‘நான் போகலேன்னா ஏழாயிரும், புள்ள. போட்டி நின்னுபோகும்’னாவ.”

நான் வந்துவிட்டுப் போன அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மைதீன். “மூச்சு வாங்குது மச்சான், இந்த வருசம் என்னை விட்டுரு” என்று நீ சொன்னாய். அதற்கு நான் என்ன சொன்னேன்? “நீ ஊதவே வேண்டாம்டே. வாயில வச்சுக்கிட்டு எட்டாவது ஆளா நில்லு, போதும்” என்றேன். பெரிய நகைச்சுவை. நீயும் சிரித்தாய். நான் அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆனால் உனக்குச் சும்மா நிற்க வருமா? போட்டியன்று சாரலில் டிரம் தோல் தொய்ந்துபோய், டீக்கடை அடுப்பில் காட்டிக் காட்டி அடித்துக்கொண்டிருந்தோம். நம் சத்தம் படுத்துவிட்டது என்று தெரிந்ததும் நீ பியூகிளைத் தூக்கினாய். கடைத்தெரு முழுக்க ஊதினாய். கோப்பை நமக்கு. நீ டீக்கடைப் பெஞ்சில் வெகுநேரம் குனிந்து உட்கார்ந்திருந்தாய். நான் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். கார்த்திகை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

ஆமினா கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

“போன வருசமும் எட்டுக்காகத்தான் கூட்டிட்டுப் போனிய. இந்த வருசமும் எட்டுக்குத்தான் கூப்பிடுதிய. அவுக போதும்னு சொன்னா எப்பண்ணே விடுவிய?”

கோட்டை நீட்டினாள். “உங்க தங்கச்சியா சொல்லுதேன். வேணும்னா கொண்டுபோங்க. நான் தடுக்கமாட்டேன்.”

நான் அதை வாங்கவில்லை. எப்படி வாங்குவேன்? தெருவுக்கு வந்த பிறகும் ராட்டைச் சத்தம் கேட்கவில்லை. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாளோ என்னவோ. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

அங்கிருந்து நேரே குற்றாலத்துக்குப் பஸ் ஏறி, செக்ரட்டரி முன்னால் போய் நின்றேன். பட்டியலில் ஒரு பெயர் தப்பாக எழுதிவிட்டேன், அடிக்கவேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும்வே. மைதீன் மய்யத்தை அடக்கம் பண்ணும்போது உமக்குப் பின்னால நின்னது யாரு, நான்தானே?”

“தெரிஞ்சேவா வாங்கி வச்சிய?”

“வாங்காம? எழுதுத உமக்கு மட்டுந்தான் இந்தப் போட்டி வேணுமாக்கும். அந்தப் பேரு வரும்போது இருமல் வந்த மாதிரி இருமிட்டு, மேல போயிரலாம்னு இருந்தேன். ரெண்டு நாளா வீட்ல இருமிப் பார்த்துக்கிட்டிருக்கேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீரும் வாயத் தெறக்காதேயும், நானும் தெறக்கல.”

மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் நான் யோசித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓர் இருமலில் காரியம் முடிந்துவிடும். போட்டி நடக்கும். உனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. உன்மேல் இன்னும் என்ன பாரம் ஏறிவிடும்?

பிறகு பேனாவை வாங்கி அடித்துவிட்டேன். கை இந்தத் தடவை தானாக எழுதவில்லை. உன் பெயர்மேல் கோடு கோணலாகத்தான் விழுந்தது, மன்னித்துக்கொள்.

செக்ரட்டரி அந்தத் தாளை மடித்து மேஜைக்குள் வைத்தார். “அப்ப போட்டி இல்லவே” என்றார். புளியங்குடிக்கு ஆள் அனுப்பித் தகவல் சொல்லியாயிற்று. கோப்பை கிடையாது, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை மைக் செட்காரனுக்குக் கொடுக்கவில்லை, வருகிறவர்கள் வந்து வாசிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போன ஆள் திரும்பிவிட்டான். “பார்ப்போம்” என்று சொன்னார்களாம். புளியங்குடிக்காரன் ‘பார்ப்போம்’ என்றால் வருவானா, மாட்டானா? எலுமிச்சை லாரி ஏற்றுகிற நாள் வேறு. கோப்பை இல்லாத மேடைக்கு அவன் எதற்கு மெனக்கெட வேண்டும்?

நம் ஆட்களிடம் சொன்னதும் சங்கரன் இரண்டு நாள் பேசமாட்டான் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் வந்து என் கோட்டில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஏழு பேரும் வருகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆறாகுமோ ஐந்தாகுமோ, அதுவும் எனக்குத் தெரியாது. இன்று சாயங்காலத்திலிருந்து நாலு தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன், யாராவது வரவில்லை என்று சொல்ல வருகிறார்களா என்று. என் வீட்டுக்காரி, “பொண்ணு பார்க்க வாரவங்களுக்கா காத்திருக்கிய?” என்று கேட்கிறாள்.

போட்டியை நிறுத்திய ஆள் என்று நாளைக்கு ஊர் என்னைச் சொல்லும். சொல்லட்டும். அதைவிடப் பயம் ஒன்று உள்ளே கிடக்கிறது. போன வருஷம் நீ சிரித்தபோது நான் உன் முகத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால், இந்த வருஷம் நாம் எட்டுப் பேராக இருந்திருப்போமா? இல்லை, ஏழு பேராகி, எட்டாவது ஆளாக நீ டீக்கடைப் பெஞ்சிலிருந்து எங்களைக் கேலி செய்துகொண்டிருப்பாயா? இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன், மைதீன். நாளைக்கு ஏழு பேரோ ஐந்து பேரோ, நான் ஒருத்தன் மட்டுமோ, இருக்கிறவர்களை வைத்து நடப்போம். ஆள் போதவில்லை என்று இனி உன்னை ஒருநாளும் கூப்பிடமாட்டேன். நீ மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு இரு.

ஆமினாவுக்கு அண்ணனும் உனக்கு மச்சானுமான,
ஆவுடையப்பன்