நீங்கள் திரும்பி வந்த நாள்

அண்ணே,

காலையில் அகராதியைத் திறந்தேன். கொடைக்கானல் பனி குடித்த தாளின் பூஞ்சை வாடை. 'ரிபாட்ரியேட்' இருக்கும் பக்கத்தில் நீங்கள் செருகிய தைலமர இலை அப்படியே இருக்கிறது, மணம்தான் போய்விட்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, மீசை முளைத்த பிறகு கப்பலேறிப் பேத்துப்பாறைக்கு வந்தவர் நீங்கள். அரசாங்கம் உங்களைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். மனு எழுதிப் பிழைக்கும் நான் பெருமையோடு விளக்கினேன். சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது. லத்தீன் வேர். அதில் இருப்பது தந்தையின் நாடு. தமிழாக்கிய அதிகாரி 'தாயகம்' என்று மாற்றித் தாய்க்கும் நியாயம் செய்துவிட்டார். வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்புவதற்கும் இதே வினைதான்.

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "பொறக்காத ஊரு, பாக்காத ஊரு. அதுக்கு எப்பிடித் தம்பி திரும்பி வாறது?"

"அகராதியத்தான் கேக்கணும்ண்ணே."

"அது பொணத்துக்குல்ல பதில் வச்சிருக்கு!"

அந்தச் சிரிப்போடுதான் உங்கள் வீட்டுமனைப் பட்டா மனுவை நிரப்பினேன். 'தாயகம் திரும்பிய நாள்' என்ற கட்டத்தில், "திரும்பவில்லை; முதன்முறையாக வந்தார்" என்று எழுதினேன். "இதான் நெசம்" என்று கையெழுத்துப் போட்டீர்கள். வாக்கியம் பிடித்துப்போய், எனக்கென்று ஒரு நகலும் எடுத்துக்கொண்டேன்.

தாயகம் திரும்பாதவருக்குப் பட்டா கிடையாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதே வாக்கியத்தோடு போட்ட மேல்முறையீடு மேசை மேசையாகப் போயிற்று. வில்பட்டி கேரட் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு நீங்களும் அதன் பின்னாலேயே அலைந்தீர்கள், நெஞ்சுச்சளி உங்களைக் கொண்டுபோகும்வரை. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நேற்று மதினி வந்தார். பட்டா இல்லாத வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். கையில் புது மனு, அதே கட்டம்.

"அவரு இருந்தா ஒத்துக்க மாட்டாரு தம்பி. இப்பத்தான் இல்லையே. அவங்க கேக்கிறதயே எழுதுங்க."

கப்பல் கரைசேர்ந்த தேதியை எழுதினேன். 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே மதினி கையெழுத்துப் போட்டார்.

"வீடு நிலைக்குமா தம்பி?"

எனக்குத் தெரியாது அண்ணே. "நிலைக்கும் மதினி" என்றேன்.

உங்கள் பழைய மனுவின் நகல் அந்த இலையோடு அகராதியில் இருக்கிறது. இன்று எத்தனையோ முறை படித்துவிட்டேன். என் வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஒன்றாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?