மீன்வைல் என்ற மீனைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
சனிக்கிழமைக் கதை வாசிப்பாளர்,
குழந்தைகள் பிரிவு,
கிளை நூலகம்.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
தலைமை நூலகம்.

பொருள்: ஆங்கிலக் கதையைச் சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் வாசிக்க மீண்டும் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. சனிக்கிழமைதோறும் எங்கள் பிரிவில் ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை உரக்க வாசித்து வந்தேன். பொருள் சொல்வதில்லை. குரலை மாற்றுவேன். கரடிக்கு ஒரு குரல், கரடியின் மாமியாருக்கு ஒரு குரல். பிள்ளைகளுக்குப் பாதி புரியும். மீதியை அவர்களே போட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

2. தாங்கள் பார்வையிட வந்த அன்று 'மீன்வைல்' (meanwhile) என்ற சொல் வந்தது. கரடி மாட்டிக்கொண்டிருக்கும், வேறெங்கோ உதவி கிளம்பும், இரண்டுக்கும் நடுவில் வரும் சொல் அது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தாங்கள் காரணம் கேட்டீர்கள். என் அக்கா மகள், எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுபவள், எழுந்து நின்றாள். "அது ஒரு மீன் சார். யாராவது மாட்டிக்கிட்டா வரும்." பின்னாலிருந்து ஒரு திருத்தம்: "மீன் இல்லடி, மீன்காரர்!"

தாங்கள் சிரித்தீர்கள். நான் பார்த்தேன்.

3. அடுத்த வாரம் ஆணை வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைப் பலகையில் எழுதி, பிள்ளைகள் பார்த்து எழுதிய பிறகே அடுத்த வரி. தவறான பொருள் மனதில் தங்கிவிடக் கூடாது என்ற தங்கள் அக்கறை புரிகிறது. அப்படியே செய்தேன். மீன்வைல்: அதே வேளையில். பலகையில் சின்னதாக இருந்தது.

"அவ்வளவுதானா சித்தி?" என்றாள் வாலு.

4. பிள்ளைகள் உட்கார்ந்து கதை கேட்கும் பாய் காலியாகி வருகிறது. வாலு வருகிறாள், வயிற்று வலி என்று திரும்பிப் போகிறாள். வீடெல்லாம் கரடிக் குரலில் ஆங்கிலம் பேசித் திரிந்தவள். பாதி அவளே உண்டாக்கிய ஆங்கிலம். இப்போது ஒரு சொல்லை எடுக்கும் முன் என் முகத்தைப் பார்க்கிறாள். சரியா என்று. ஐயா, அந்தப் பார்வைதான் என் புகார்.

5. ஆணைக்கு முன் நடந்த ஒன்றையும் தெரிவிக்க விரும்புகிறேன். அக்கா வீட்டில் குழாய் உடைந்தது. அக்கா வாளியோடு ஓடினாள். வாலு நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தாள்: "அம்மா தண்ணி புடிக்கிறாங்க. மீன்வைல், அப்பா தூங்குறாரு!" அத்தான் எழுந்து வந்துவிட்டார்.

அவளுக்கு அப்போதும் அது மீன்தான். சரியான இடத்தில் நீந்தியது.

6. பொருளே சொல்ல மாட்டேன் என்பதல்ல. கேட்டால் சொல்கிறேன். கதை முடிந்தபின் சொல்கிறேன். நடுவில் மட்டும் நிறுத்தாமல் வாசிக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

நாளை சனிக்கிழமை. கரடி கிணற்றில் விழுந்த பக்கத்தில் கதை நிற்கிறது. அடுத்த வரியின் முதல் சொல் எது என்பது தங்களுக்குத் தெரியும்.

இடம்: குழந்தைகள் பிரிவு, பாயின் ஓரம்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பிள்ளைகள் எல்லோருக்கும் 'கதைச் சித்தி'