உயரமான ஆள் தேவையில்லை

வைலே
25 ஓகஸ்ட் 2025

நிவேதிதாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. வாட்ஸ்அப்பில் உங்களைத் தடுத்துவிட்டேன். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன். நான் அழுவதை நீங்கள் கேட்கக் கூடாது. அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மைதானத்தில் நடந்ததை நீங்கள் இதற்குள் மறந்திருப்பீர்கள். பயிற்சியாளரான நீங்கள், கூடவே ஆடுகிற உங்கள் பெயரையும் சேர்த்து, இறுதியாட்டத்துக்கான ஒன்பது பேரையும் வெள்ளைப் பலகையில் எழுதினீர்கள். கோல் கம்பங்களுக்கு முன்னால், மூன்று வருடமாக நான் நிற்கிற இடத்தில், கரீனாவின் பெயர் இருந்தது. நான் எங்கே என்று கேட்டேன். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "நமக்கு உயரமான ஃபார்வர்ட் தேவையில்லை." டேனிஷ் பிள்ளைகள் எல்லோரும் என்னைக் காலில் தொடங்கித் தலை வரைக்கும் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். தமிழ்ப் பள்ளி நாடகத்தில் வருடா வருடம் எனக்கு மரம் வேடம். எஸ்பியர்க்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் என்னை எழும்பச் சொல்லிவிட்டு, "பிள்ளை, குதி உயர்ந்த செருப்போ போட்டிருக்கிறீர்?" என்று கேட்டா. நான் வெறுங்காலோடு நின்றேன். "இல்லை, அவள் கொஞ்சம் நிமிர்ந்து நிக்கிறாள்" என்று அம்மா சொன்னா. அதற்குப் பிறகு நான் நிமிரவே இல்லை.

நிமிரச் சொன்னது நீங்கள். கடையில் மேல்தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தந்தேன். நன்றி சொல்லாமல், "உனக்குப் பந்து பிடிக்க வருமா?" என்று கேட்டீர்கள். மெல்பர்னில் வேலை செய்தபோது பழகிய ஆஸ்திரேலியக் கால்பந்து என்றீர்கள். நீள்உருண்டைப் பந்து, கையாலும் காலாலும் ஆடலாம், உதைத்த பந்தை அந்தரத்தில் பிடித்தவளை ஒருவரும் தொடக் கூடாது, அவள் நிதானமாகக் கோலுக்கு உதைக்கலாம், நடுக் கம்பங்களுக்குள் போனால் ஆறு புள்ளி என்றெல்லாம் பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சொன்னீர்கள். "இந்த ஆட்டத்துக்குன்னே பொறந்தவ நீ" என்றீர்கள். பராமரிப்பு இல்லத்தில் முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு, முதுகு வலியோடு ஒவ்வொரு செவ்வாயும் பயிற்சிக்கு வந்தேன். ஏன் வந்தேன்? என் உயரத்தைக் கேட்டு வாங்கிய ஒரே இடம் அது.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். பின்னால் அகப்பட்டுக்கொண்டவள் எங்கே உதைப்பாள்? முன்னால் உயரமாக ஒருத்தி நின்றால்தான் பந்துக்குப் போக ஓர் இடம் இருக்கும். நான் பிடிக்காவிட்டாலும் என்னோடு இரண்டு பேர் குதிக்கிறார்கள். பந்து கீழே விழ, உங்கள் கரீனா பொறுக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவள் அடித்த கோல்களில் பாதி என் தோளில் பட்டு விழுந்தவை.

காரணத்தைத் தமிழில், என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மேரிசெலின்


கோல்டிங்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செலின்,

'அன்புள்ள' என்று நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். மூன்று வருடமாக வா, போ என்று பேசியவள் இப்போது 'நீங்கள்' என்கிறாய். சரி, அப்படியே இருக்கட்டும்.

காரணம் கேட்டாய். இறுதியாட்டத்தில் நாம் சந்திக்கப்போகிற ஓர்ஹூஸ் அணியிடம் இந்த வருடம் ஆடிய எல்லா ஆட்டமும் தோற்றோம். ஒவ்வொன்றையும் வீடியோவில் திரும்பப் பார்த்தேன். நம் பெண்கள் பந்து கையில் வந்ததும் தலையைத் தூக்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உன் பக்கம் உதைக்கிறார்கள். பக்கத்தில் ஒருத்தி தனியாக நின்றாலும் தெரிவதில்லை, ஏனென்றால் செலின் இருக்கிறாள். ஓர்ஹூஸுக்கும் அது தெரியும். மூன்று பேரை உன்னைச் சுற்றி நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கே அடிக்கிற காற்றில் உயரே போன பந்து எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? இது பதினெட்டுப் பேர் ஆடுகிற மெல்பர்ன் மைதானம் இல்லை. ஒன்பது பேர், சின்ன இடம். தரையில் ஓடுகிறவர்கள்தான் ஜெயிக்கிறார்கள்.

இன்னொன்று. பந்து கீழே விழுந்ததும் நீ நின்றுவிடுகிறாய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. உன்னைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள், நீ பார்த்துக்கொண்டிருப்பாய். "ஓடு செலின், விரட்டு" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்? ஜூனில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, தமிழில்தான் சொன்னேன். "ஓம் ஓம்" என்றாய். அடுத்த வாரம் மறுபடியும் இடுப்பில் கை.

என் பலகையில் இருப்பது ஆட்டம் மட்டும்தான். எஸ்பியர்க் மாமியாரையும் நாடகத்து மரத்தையும் அதில் கொண்டுவந்து ஒட்டாதே. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் செய்த அவமானத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? திருப்பூரில் என் வீட்டில் என்னைக் 'குள்ளச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக நான் யாரிடமும் ஒரு இடம் கேட்கவில்லை.

இறுதியாட்டத்துக்கு மாற்று ஆட்டக்காரியாக வா. தேவைப்பட்டால் இறக்குவேன்.

நிவி


வைலே
1 செப்டெம்பர் 2025

நிவேதிதாவுக்கு,

மரமாக நிற்கிறேன் என்கிறீர்கள். நாடகத்தில் செய்ததையே செய்கிறேன் போலும். நன்றாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் வாசித்தேன். பக்கத்தில் இருந்த லோரன்ஸ் அண்ணை, "என்ன பிள்ளை, யாரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை, ஒரு சிநேகிதி" என்றேன்.

தேவைப்பட்டால் இறக்குவீர்களா? நான் சாமான் பெட்டியா இறக்குவதற்கு?

ஒரு செய்தி. ஓர்ஹூஸ் அணியில் இரண்டு பேருக்கு முழங்கால் போய்விட்டது. அவர்களுடைய பயிற்சியாளர் எனக்கு எழுதியிருக்கிறார். இறுதியாட்டத்தில் அவர்களுக்காக ஆட முடியுமா என்று கேட்கிறார். ஆள் குறைந்த அணி இன்னோர் அணியின் ஆளைக் கேட்கலாம், சொந்த அணி சம்மதிக்க வேண்டும் என்பதுதானே நம் லீக்கின் விதி. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். நேற்றே ரயிலேறிப் போய் அவர்களோடு பயிற்சியும் செய்துவிட்டேன்.

உங்கள் அணிக்கு உயரமான ஆள் தேவையில்லை. தேவையில்லாத ஒன்றைக் கொடுக்க உங்களுக்கு என்ன தடை? சம்மதம் தாருங்கள். இல்லையென்றால் பலகையில் எழுதியது பொய், என்னைப் பழிவாங்கத்தான் வெளியில் வைத்தீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன்.

மேரிசெலின்


கோல்டிங்
2 செப்டம்பர் 2025

செலின்,

உன்னைப் போலவே நானும் 'அன்புள்ள'வை எடுத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு தட்டை உடைத்தேன். இறுதியாட்டத்தில், நம் எதிரிக்கு! நம் பெண்கள் உனக்கு என்ன செய்தார்கள்? கரீனா உன் பிறந்த நாளுக்கு அவள் கையால் கேக் செய்து கொண்டுவந்தாளே, அவளுக்கு எதிராகவா?

அவர்களிடம் கேட்டேன். இரண்டு பேர் சம்மதிக்கக் கூடாது என்றார்கள். கரீனாதான், "அவள் ஆடட்டும். உட்கார வைப்பது அசிங்கம்" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

சம்மதம் கொடுத்துவிட்டேன். அன்பினால் என்று நினைத்துக்கொள்ளாதே. மறுத்தால், 'நான் ஆடியிருந்தால்' என்று ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டு திரிவாய். அந்த வாய்ப்பை உனக்குத் தர மாட்டேன். வந்து நில். உன் தலைக்கு மேலே பந்து வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

நிவேதிதா


கோல்டிங்
17 செப்டம்பர் 2025

செலின்,

இடது கையால் தட்டச்சு செய்கிறேன். வலது தோளெலும்பு முறிந்திருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதல் பாதியில் நீ மூன்று கோல் அடித்தாய். மூன்றாவது கோலை அடித்துவிட்டு நீ என்னைத்தான் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். இடைவேளையில் நம் பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆத்திரத்தில், "அவளை நான் பார்த்துக்கிறேன்" என்று நானே உன்னிடம் வந்து நின்றேன். என் தலை உன் தோளுக்குக்கூட வரவில்லை. உன்னோடு சேர்ந்து குதிக்கவில்லை, நீ குதிப்பதற்கு முன்பே ஓடிவந்து பந்தைக் குத்தித் தள்ளினேன். அது வேலை செய்தது. ஒரு பந்துகூட உன் கையில் தங்கவில்லை. நாங்கள் மேலே வந்தோம். கடைசி நிமிடத்தில் நாலு புள்ளி முன்னால் இருந்தோம்.

ஆனால் நீ நிற்கவில்லையே! நான் குத்தித் தள்ளிய பந்தை எல்லாம் விரட்டிக்கொண்டு ஓடினாய். கரீனாவைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துப் போட்டாய். மூன்று வருடம் எனக்குச் செய்யாததை ஓர்ஹூஸுக்குச் செய்தாய். அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா?

பிறகு அந்தக் கடைசிப் பந்து. நானும் குதித்தேன், உன் முழங்கால் என் தோளில் பட்டது, விழுந்தேன். அதற்கப்புறம் எனக்கு வானம்தான் தெரிந்தது. விசில், பிறகு சத்தம். இரண்டு புள்ளியில் தோற்றோம் என்று ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது சொன்னார்கள்.

நீ கோல் அடித்தது தப்பில்லை. பந்தைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்திருந்தால் அதைத்தான் மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு வந்தாயா? நாலு நாள் ஆகிறது. தூரத்து ஊரிலிருந்தா வரவேண்டும்? கோல்டிங்குக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது.

நேற்று பெண்கள் வந்து, அடுத்த வருடத்துக்கு உயரமான ஒருத்தியைத் தேடுவோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். இந்தச் சின்ன மைதானத்தில் உயரமான ஃபார்வர்ட் தேவையில்லை என்று இன்னமும்தான் நினைக்கிறேன். தோற்றதால் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் 'செலின் விரட்டுவதில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் உன் உயரத்தைச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால். உனக்கு எங்கே வலிக்கும் என்று தெரியாமல் சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்.

நிவி


வைலே
22 செப்டெம்பர் 2025

நிவிக்கு,

வந்தேன். சனிக்கிழமை பின்னேரமே ஆஸ்பத்திரிக்கு வந்தேன், ஓர்ஹூஸ் சட்டையோடு. கார் தரிப்பிடத்தில் இருந்து பார்க்கும்போது நம் பிள்ளைகள் எல்லோரும் பூங்கொத்தோடு உள்ளே போனார்கள். கரீனா அழுதுகொண்டு போனாள். நான் எந்தப் பக்கத்து ஆளாக உள்ளே வருவது? காரைத் திருப்பினேன். வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டு வந்தேன். பிறகு என்னையும்.

விழுந்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பந்து என் கையில் இருந்தது. நீங்கள் காலடியில் கிடந்தீர்கள். கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டீர்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்தார்கள். "தள்ளிப் போ, உதைக்கணும் நீ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? தமிழில் சொன்னீர்கள். எனக்கு மட்டும்தான் விளங்கியது. உதைத்தேன். நடுக் கம்பங்களுக்குள் போனது. எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். எனக்கு ஒரு சொட்டுச் சந்தோஷமும் வரவில்லை, ஆனால் வெட்கமும் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மன்னிப்புக் கேட்டீர்கள். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அணிக்குத் திரும்பி வர மாட்டேன். அந்தப் பலகைக்கு முன்னால் இனி என்னால் உட்கார முடியாது, அதில் என் பெயர் இருந்தாலும். வரும் வசந்தத்திலிருந்து ஓர்ஹூஸுக்கு ஆடுகிறேன். அங்கே முதல் நாளே பயிற்சியாளர் சொன்னார்: "நீ பிடிக்கிறது எங்களுக்குத் தெரியும், விழுந்த பந்தை விரட்டுவியா என்று காட்டு." நீங்கள் கத்தியது அப்போது ஞாபகம் வந்தது. ஆத்திரத்தில் ஓடினேன். ஓட எனக்கு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் சொன்னது சரிதான். அதை உங்களிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாள் எடுத்தது, இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

உயரமான ஆள் தேவையா இல்லையா என்று நாம் இனி எழுதிச் சண்டை பிடிக்க வேண்டாம். அடுத்த வருடம் மைதானத்தில் பார்ப்போம். என்னிடம் இரண்டு பேரை நிறுத்துங்கள், ஒருத்தி போதாது.

கட்டு அவிழ்க்க எத்தனை வாரமானாலும் ஆகட்டும். அவிழ்த்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைலே மைதானத்துக்கு வாருங்கள். பலகை வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். கால் நன்றாகத்தானே இருக்கிறது, பந்தை மட்டும் கொண்டு வாருங்கள். நான் அங்கே தூரத்தில் நிற்பேன். உங்களால் முடிந்த அளவு உயரமாக உதையுங்கள்.

செலின்