கிழக்கு என்று நீ காட்டிய பக்கம்

மழைக்கோட்டை உதறியதும் கொசு மருந்து நெடி குப்பென்று அடித்தது. ஐந்து வருடம் என் சான் ரமோன் வீட்டு கராஜில் கிடந்தும் அலாஸ்கா வாடை போகவில்லை. பாக்கெட்டில் பழைய கேமரா. சார்ஜ் போட்டுப் பார்த்தேன். நீ சூரியனைக் கும்பிடும் படம் வந்தது. மூலையில் நேரம்: மாலை 7.40. அது காலையில்லையா?

இருபது வருடம் ஒரே ஆபீஸ், ஒரே காரில் பயணம். வழி சொல்வது எப்போதும் நீதான். "சூரியன் இருக்கறப்போ காம்பஸ் எதுக்குடா?" என்று அலாஸ்கா போனபோதும் அதைக் காரிலேயே போட்டுவிட்டு வந்தவனாயிற்றே!

குட்டி விமானம் நம்மை மலைக்கணவாயில் ஒரு ஏரிக்கரையில் இறக்கிவிட்டது. ஏரிக்கு இந்தப் பக்கம் இறங்கும் ஆறு வடக்கே பனிக்கடலுக்குப் போகிறது, அந்தப் பக்கம் இறங்குவது தெற்கே. அன்று ஒரே மூடுபனி. எந்தப் பக்கம் இறங்கினோம் என்றே தெரியாமல் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து, கூடாரம் போட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கினோம்.

விழித்தபோது பனி விலகியிருந்தது. போன்கள் செத்துக் கிடந்தன. மரமே இல்லாத வெளியில், கூழாங்கல் மேடுகளுக்கு நடுவே ஏழெட்டுக் கிளையாகப் பிரிந்து, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஆறு ஓடியது. சூரியனைக் கும்பிடாமல் நீ காபியைத் தொடமாட்டாய். கும்பிட்டுவிட்டுத் திரும்பினாய்.

"இது கிழக்கு. ஆறு இடது கைப் பக்கம் ஓடுது பாரு, வடக்கு! காசியில கங்கை மாதிரி. டேய், நான் போனா இங்கயே கரைச்சுடு."

காலை எட்டு மணிக்கு நம்மை அழைத்துப்போக வரவேண்டிய விமானம் அரை நாள் கழித்து வந்தது. நீ விமானியிடம் சண்டைக்கே போய்விட்டாய். சரியான நேரத்துக்குத்தான் வந்தேன் என்று அவன் சாதித்தான். அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. சாயங்கால வெயிலைக் காலை என்று நினைத்துக் கும்பிட்டாயா? அப்படியானால் நீ பார்த்து நின்றது மேற்கு, ஆறு ஓடியது தெற்கே. இல்லை, கேமராவில் நேரத்தை நான்தான் தப்பாக வைத்தேனா? அப்போது விமானம் மட்டும் ஏன் அரை நாள் பிந்தியது?

குழம்பி நிற்கும்போதே உன் மனைவி போன் செய்தாள். போன வாரம்தான் உன் அஸ்தி டப்பாவை என் கையில் கொடுத்திருந்தாள்.

"பேக் பண்ணிட்டீங்களாண்ணா? வடக்கே ஓடற ஆத்துலதான் கரைக்கணும்னு ஹாஸ்பிட்டல்லகூடச் சொன்னார். அந்த இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கும்மா, அதே இடம்தான்" என்றேன். கையில் அந்தப் படம். உன்மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை அந்த ஏரிக்கரையில் நிற்பேன். ஒரு பக்கம் நீ கேட்ட திசை. மறுபக்கம், ஒருவேளை, நீ கைகூப்பி நின்ற இடம். காம்பஸைப் பைக்குள் வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்திருக்கிறேன். நீ முன்னால் போவாய், நான் பின்னால் வருவேன், அதுதானே நம் வழக்கம். இப்போது நீ என் முதுகுப்பையில் இருக்கிறாய்.

எந்தப் பக்கம்டா இறங்கட்டும்?