அரசி சாகாத நாடகம்

அம்மணி நித்யஸ்ரீக்கு,

பொள்ளாச்சியிலிருந்து அம்மா பழனாத்தாள் எழுதுவது. இங்கே தென்னைக்குத்தான் வெள்ளை ஈ, மற்ற எல்லாரும் சுகம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். தபாலைப் பிரிக்காமலே தூக்கிப் போடுகிற அளவுக்கு உனக்குக் கோபம் இருக்காது என்று நம்புகிறேன்.

பொங்கலுக்கு நம் வீதியில் நாடகம் போட்டோம். எழுதியது கிருபா டீச்சர். ராஜா இறந்த பிறகு அரசி மந்திரியை மணக்கத் துணிகிறாள். மகன் இளவரசன் வாளோடு வந்து கேள்வி கேட்கிறான். அவள் விஷப்பால் குடித்துச் செத்துப்போகிறாள். அரசி வேஷம் எனக்கு. மாட்டு டாக்டர் கௌதமனை நான் கல்யாணம் செய்துகொள்ளப்போவது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அந்த வேஷத்தை எனக்கே கொடுத்தாளே டீச்சர், அந்தத் தைரியத்துக்காகவே ஒத்துக்கொண்டேன்.

இளவரசனாக நடிக்க வேண்டிய பேக்கரி ஆல்வினுக்கு நாடகத்தன்று பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிவிட்டன. வசனம் முழுக்கத் தெரிந்த இன்னொரு ஆள், திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுக்கிற உன் தம்பி மிதுன்தான். டாக்டர் விஷயத்தை நான் சொன்ன நாளிலிருந்து அவன் கோயமுத்தூரிலிருந்து வாராவாரம் வந்தாலும் என்னிடம் வாய் திறப்பதில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் எழுந்து போய் அவனே எடுத்துக்கொள்வான். டீச்சர் கெஞ்சியதில் கிரீடம் வைத்துக்கொண்டான்.

மேடையில் அவன் சொல்ல வேண்டியது, “அடி பாதகி, என் தந்தையை மறந்தாயா?” என்பது. வாளை ஓங்கினான். வார்த்தை வரவில்லை. பெற்றவளை ஒரு நாளும் மரியாதை குறைத்துக் கூப்பிட்டவன் இல்லையே, எப்படி வரும்? வாளைத் தாழ்த்திவிட்டு, “ஏனுங்கம்மா, அப்பாவ மறந்துபோட்டீங்களா?” என்றான்.

பந்தலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் வசனம் போன இடம் தெரியவில்லை. “மறக்கல கண்ணு. ஒத்தையில உக்காந்து சோறு திங்க முடியல, அவ்வளவுதான்” என்றேன். மைக்கில் அது வீதிக்கோடி வரை கேட்டிருக்கிறது. சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் பின்னாலிருந்து, பாலைக் குடி, பாலைக் குடி என்று உயிரை விட்டாள். சரி, செத்தாவது தப்பிப்போம் என்று டம்ளரை எடுத்தேன். மிதுன் பாய்ந்து பிடுங்கி, “அதக் குடிக்காதீங்கம்மா” என்று மேடையிலேயே கொட்டிவிட்டான். யாருமே சாகாமல் திரை விழுந்தது. அம்மாவும் மகனும் சேர்ந்து அவள் சோக நாடகத்தைக் கெடுத்துவிட்டோம் என்று டீச்சர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலை மிதுன் என்னிடம் கேட்டான், வருகிற ஞாயிற்றுக்கிழமை டாக்டரைச் சாப்பிடக் கூப்பிடலாமா, அவருக்கு நாட்டுக்கோழி ஆகுமா என்று. அவர் சைவம் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. மற்றபடி சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

தை முடிவதற்குள் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். உன்னை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. உன் தம்பி கேட்டான், அதனால் என்னால் பதில் சொல்ல முடிந்தது. நீ எதையும் கேட்காமல் இருப்பதுதான் கண்ணு எனக்குத் தாங்க முடியவில்லை. திட்டிக்கொண்டே கேட்டாலும் சரி. அங்கே எந்த நேரமாக இருந்தாலும் கூப்பிடு, நான் எடுப்பேன். மகராசியாக இரு.

உன் கேள்விக்குக் காத்திருக்கும்
அம்மா