கரடிக்குட்டியின் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

புதுப் படக்கதையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பள்ளியில் வாசித்துக் காட்டினேன். கரடிக்குட்டி மூட்டையோடு கிளம்பும் பக்கத்தில் ஒரு சிறுமி கையை வைத்து மறித்துக்கொண்டாள்.

"அது இன்னும் அம்மாகிட்ட சொல்லிக்கவே இல்லையே!"

என்ன சொல்லியும் பக்கத்தைத் திருப்ப விடவில்லை. கூட வந்திருந்த பதிப்பாசிரியர் சிரித்துக்கொண்டே, "அம்மாவையும் வரைஞ்சிடுங்க" என்றார்.

வரைந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் வேறு யாருடைய அம்மாவோ போல இருக்கிறது. உன் புகைப்படம் ஒன்று அனுப்பு. கரடிக்கு எதற்கு என் முகம் என்று கேட்காதே. பவுடர் பூசி விறைப்பாக நிற்கவும் வேண்டாம். வேலைக்கு நடுவில், யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல இருந்தால் போதும்.

அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். சீக்கிரம் அனுப்பு.

உன் மகள்