பாதிச் சொல்லுக்கு ஒரு கைதட்டு

நேற்றுச் சாயங்காலம் பாளையங்கோட்டை மைதானத்தில் பயாஸ்கோப்புக் கூடாரத்துக்குள் நுழைந்ததும் கார்பைடு விளக்கின் நாற்றம் மூக்கில் ஏறியது. அழுகிய பூண்டு மாதிரி ஒரு வாடை. மற்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சாயபு, நீர் இருந்திருந்தால் நெஞ்சு நிறைய இழுத்திருப்பீர். "இந்த நாத்தம் அடிச்சாத்தாம்வே எனக்கு நாடகத்துக்கு வந்த மாதிரி இருக்கு" என்று சொல்வீரே, அது. போன வருஷத்து விஷக்காய்ச்சல் உம்மைக் கொண்டு போகாமல் இருந்திருந்தால், தொழுகையை முடித்துக்கொண்டு மேலப்பாளையத்திலிருந்து விறுவிறுவென்று நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்.

படம் ஒரு ராசா கதை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. திரை ஓரத்தில் ஒருவன் கம்பை வைத்துக்கொண்டு கதையைக் கத்திச் சொல்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ராசா குதிரை ஏறிப் போய்விடுகிறான். என் பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "இந்தப் படம் பிடிச்சவன் நம்ம ஆளுவே. சுயராச்சியக்காரன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்முடைய நினைப்புத்தான். அந்தப் 'பொய் சொல்லாத ராசா' நாடகத்துக்கு நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்ட அடி கொஞ்சமா?

சுதேசிக் காலத்தில் வந்த மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி அது. டவுனில் கொட்டகை போட்டு ஒரு மாதம் ஆடினார்கள். சீவலப்பேரியிலிருந்தும் சேரன்மாதேவியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு சனம் வந்தது. கதை இவ்வளவுதான். ஒரு ராசா பொய்யே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவன். எதிரி வந்து, உன் கோட்டையில் எந்த வாசல் பலவீனம் என்று கேட்கிறான். இவன் உள்ளபடி சொல்லிவிடுகிறான். நாடு போய்விடுகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நின்று, "வெள்ளம் வந்து புகுந்ததம்மா, வீடு நமக்கு இல்லையம்மா" என்று பாடுகிறான். கடைசியில் சாமி வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

அந்தப் பாட்டில்தான் கொட்டகை இடியும். நம்மூர்ச் சனத்துக்கு அப்போது காதில் விழுந்ததெல்லாம் சுதேசிதான். 'வெள்' என்று அவன் இழுத்த உடனே கைதட்டும் விசிலும் கிளம்பிவிடும். வெள்ளம் இல்லையாம், வெள்ளையாம். வெள்ளை வந்து புகுந்ததாம், வீடு நமக்கு இல்லையாம். நான் வக்கீல் குமாஸ்தா, ஒரு எழுத்துப் பிசகினால் பத்திரமே செல்லாது என்று தெரிந்தவன். நானும் 'வெள்ளை' என்றுதான் கேட்டேன், என் இரண்டு காதாலும் கேட்டேன் என்று உம்மிடம் சாதித்தேன். கம்பெனியை நடத்தும் நாடக வாத்தியார் பெரிய தேசபக்தர் என்றேன்.

"தேசபக்தனா? ஆட்டம் முடிஞ்ச உடனே கையைக் கட்டிக்கிட்டு சக்கரவர்த்தி வாழ்கன்னு மங்களம் பாடுதானே, அது யாருவே? வியாபாரி அவன். நானும் வியாபாரி. எனக்குத் தெரியாதா?"

"நீரு சீமைத்துணி விக்கவரு. உமக்கு அப்படித்தான் தோணும்."

கொஞ்சம் சுருக்கென்று சொல்லிவிட்டேன். நீர் கோபப்படவில்லை. அந்த வாரந்தான் கீழ ரதவீதியில் உம்முடைய கடை வாசலில் நாலு பேர் நின்று, இங்கே சீமை மல் துணி வாங்காதே என்று வருகிறவனைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நீர் அதையும் விட்டுவிட்டு ராசாவுக்கே போனீர். "அதை விடும், பிள்ளைவாள். இவன் பொய் சொல்லாம இருந்தான், சரி. கோட்டைக்குள்ள இருந்த சனத்தைக் கேட்டானா? இவன் சத்தியத்துக்கு அவங்க பொண்டாட்டி பிள்ளைக ஏன்வே சாகணும்? இதா நீதி?" நாடகத்தின் நீதியே தப்பு என்று இந்தத் தாமிரபரணிக் கரையில் சொன்ன ஒரே ஆள் நீர்தான். நான் சுண்டலைத் தின்றேன்.

பிறகுதான் அந்தப் பாட்டை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்ற சேதி வந்தது. பாடுகிறவனை உள்ளே தள்ளி, கொட்டகையைப் பிரிக்க மேலே உத்தரவு கேட்கிறார்கள். அதற்குக் கௌரவமான ஒரு சாட்சி வேண்டும். தினமும் முன்வரிசையில் இருக்கிறவர், சீமைத்துணி விற்கிறவர், சுதேசிக்காரர்களால் நஷ்டப்பட்டவர். அவர்கள் கணக்குக்கு உம்மைவிட வாகான ஆள் உண்டா?

சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. காலையிலேயே கடைக்கு ஓடி வந்து, "வெள்ளம்னு சொல்லிரும். ஒத்தை வார்த்தை. சோலி முடிஞ்சுது" என்றேன்.

"நான் கேக்கலையேவே."

"கேட்டேன்னு சொல்லும்."

"ராசா பொய் சொல்லிருக்கணும்னு ஒரு மாசமா நான்தான் சண்டை போட்டேன். இப்ப எனக்கே வாய் வர மாட்டேங்கு பாரும்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டே இருந்தீர். மடித்ததையே மறுபடியும் மடித்தீர்.

நான் கடையில் இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சாயபு, அந்தப் பாட்டில் என்ன சொல் வருகிறது? வெள்ளமா, வெள்ளையா? நீர் கேட்டதைச் சொன்னால் போதும்."

"'வெள்' வரைக்கும் கேட்டேன், ஐயா."

"அதற்கு மேல்?"

"அதுக்கு மேல கைதட்டு முழுங்கிட்டு."

"ஒரு மாதமாகவா? யார் கைதட்டு அது?"

நீர் சும்மா இருந்திருக்கலாம். ஊர்ச் சனம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கூட நின்ற கான்ஸ்டபிளும் தட்டினவன்தான், அவனைக் காட்டியிருக்கலாம். அவன் முகம் செத்துப் போயிருந்தது.

"என் கைதட்டுந்தான் ஐயா. எங் கைச் சத்தத்துல எனக்கு எப்படிக் கேக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் தட்டுகிற மும்முரத்தில் மேடையைத்தான் பார்த்தேனே தவிர, பக்கத்தில் இருந்த உம்மைப் பார்க்கவே இல்லை. நீர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முன்வரிசைக்காரருக்கே கேட்கவில்லை என்றால் கேஸ் எங்கே நிற்கும்? கம்பெனி தப்பித்தது. உமக்குத்தான் கெட்ட காலம். வெகு நாள் வரைக்கும் கடைக்கு எதிரே ஒரு போலீஸ்காரன் நின்றான். பாளையங்கோட்டைத் துரைமார் வீட்டு வாடிக்கை நின்றது. சுதேசிக்காரர்களாவது கொண்டாடினார்களா என்றால், சீமைத்துணி விற்கிறவன் விற்கிறவன்தான் என்று அவர்களும் விலகியே நின்றார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கிய மத்தளம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

உமக்கோ அதில் எல்லாம் கவனமே இல்லை. நிஜமாகவே அவன் என்னதான் பாடினான் என்று தெரிந்தாக வேண்டும். கம்பெனி மூட்டை கட்டிய அன்று காலை என்னைக் குறுக்குத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனீர். ராசா வேஷக்காரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். கேட்டதும் அவன் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னான்.

"ஐயோ, அதுவா? முத நாளு வெள்ளம்னுதான் பாடினேன். கைதட்டுல என் குரல் எனக்கே கேக்கலீங்க. மறுநாளே வாத்தியார் சொல்லிட்டாரு, 'வெள்'ளோட நிப்பாட்டு, மிச்சத்துக்கு வாயை மட்டும் அசை, தொண்டையை அடுத்த பாட்டுக்கு வச்சுக்கன்னு. அப்புறம் நான் அந்தச் சொல்லைப் பாடவே இல்லீங்களே."

நான் என் இரண்டு காதாலும் கேட்ட சொல்லை ஒருவருமே பாடவில்லை. நீர் படித்துறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தீர்.

வாத்தியார் மேல்படியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நீர் நேராகப் போய், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டீர். அவர் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, "சனங்க அவங்களுக்கு வேணுங்கிறதை அவங்களே பாடிக்கிட்டாங்க. நான் குறுக்கே நிக்கல" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் அதே பேச்சு. "இவன் பயந்தாங்கொள்ளியாவே, கெட்டிக்காரனா? ஒண்ணும் பிடிபட மாட்டேங்குதே" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தீர். எனக்கு வேறு ஒன்றுதான் அரித்தது. ஆற்றங்கரை மண்டபம் தாண்டியதும் பைய கேட்டேன். "அது கெடக்கட்டும். நீரு எதுக்குவே தட்டினீரு? குரலுக்கா, அந்தச் சொல்லுக்கா?"

"எதுவரைக்கும் சொல்லட்டும்?" என்றீர். சிரித்தீர். அதோடு சரி.

நேற்று ராசா திரையில் கையை உயர்த்தி வாயைத் திறந்தான். கூடாரம் முழுக்கக் கைதட்டு. பக்கத்துக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "சொல்லிட்டாம் பாத்தீரா, சுயராச்சியம்னு சொல்லிட்டான்" என்றார். முன்பானால் நானும் கேட்டேன் என்றிருப்பேன். இப்போது என் வாயில் வருவதெல்லாம் உம்முடைய கேள்விதான்.

"எதுவரைக்கும்வே கேட்டீரு?"

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். யோசித்தார். "கேக்கலவே" என்றார். சொல்லிவிட்டு முன்னைவிடப் பலமாகத் தட்டினார்.

எனக்கும் கை நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இந்தத் தடவை திரைப்பக்கம் பார்க்காமல், நீர் உட்காரும் பக்கமாகத் திரும்பிப் பார்த்தேன்.